தம்பெரேயில் ஒரு பாம்பும் ஒரு தோட்டமும்

பின்லாந்தின் தம்பெரே, பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். ஹெல்சின்கியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பேராலயம். லார்ஸ் சொன்க் வடிவமைத்து 1907-ல் கட்டி முடித்தது. வெளியே சாம்பல் நிறக் கருங்கல்லும் சிவப்பு ஓட்டுக் கூரையுமாகக் கோட்டை மாதிரி நிற்கிறது.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் விதானத்தின் உச்சியில் சிவப்புப் பின்னணியில் ஒரு பாம்பு, வாயில் ஆப்பிளோடு. நம்மூர் மாதா சிலைகளில் பாம்பு மாதாவின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும். இங்கே அது எல்லோர் தலைக்கும் மேலே இருக்கிறது! வரைந்தவர் ஹூகோ சிம்பெர்க். அந்தக் காலத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. மாடத்தின் முகப்பு நெடுக ரோஜாவும் முள்ளுமான நீண்ட மாலையைச் சுமந்து வரும் பன்னிரண்டு பையன்களும் அப்போது பலர் கண்ணை உறுத்தினார்கள். சீடர்களைக் குறிக்கும் அந்தப் பையன்கள் உடம்பில் துணியே இல்லை.

சிம்பெர்க் இங்கே வரைந்தவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது 'சாவின் தோட்டம்'. கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடுகள் தொட்டிச் செடிகளைப் பராமரிக்கின்றன. ஒன்று சின்னச் செடி ஒன்றை நெஞ்சோடு அணைத்திருக்கிறது. பயமே வரவில்லை, சாவை இவ்வளவு பொறுப்பான தோட்டக்காரராக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் 'காயம்பட்ட தேவதை'. கண்ணில் கட்டுப் போட்ட தேவதையை இரண்டு சிறுவர்கள் தூக்கிப் போகிறார்கள். 1903-ல் வரைந்த மூல ஓவியம் ஹெல்சின்கியின் அதெனியும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் இந்தச் சுவரில் மட்டும் பின்னால் ஆலைப் புகைபோக்கிகள் எழுகின்றன. உள்ளூர் ஆலைத் தொழிலாளிக்கு இது தன் ஊரில் நடந்ததாகவே தோன்றியிருக்கும். அதனாலேயே எனக்கு இந்தச் சுவரோவியம்தான் ஒரு படி மேல்.

இன்னொன்று, ஊரின் கிழக்கே உள்ள கலேவா தேவாலயம். ரைலி, ரெய்மா பியெதிலா தம்பதி வடிவமைத்து 1966-ல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் தானியக் குதிரேதான். ஊர்க்காரர்களும் 'ஆன்மாக்களின் குதிர்' என்று கிண்டல் செய்வதுண்டு. தரைப்படம் மீன் வடிவம், ஆனால் கீழே நிற்பவருக்கு அது பிடிபடாது. உள்ளே ஓவியம் ஏதுமில்லை. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே தரையிலிருந்து கூரை வரை நீளும் ஜன்னல்கள், அவை வழியே கொட்டும் வெளிச்சம், பீடத்துக்குப் பின்னால் ரெய்மா பியெதிலாவே செய்த மரச் சிற்பம். சரி, கட்டடமாக மட்டும் பார்த்தால் இதற்குத்தான் என் ஓட்டு.

இரண்டுக்கும் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நேரம் குறைவென்றால் கலேவாவுக்கு அரை மணி போதும். மிச்சத்தை சிம்பெர்க்குக்குக் கொடுங்கள், மாடத்துக்கு ஏற மறக்காதீர்கள்.