எட்டு அணைக்கட்டு வழி

"உங்கள் ஆற்றுக்குப் பாலம் கட்டியது யார்?"

நெதர்லாந்தின் தென்கோடியில், மாஸ்ட்ரிக்ட் நகரத்துக் கல்பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓமா கேட்டார். கீழே மாஸ் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. 1275-இல் பழைய மரப்பாலம் இடிந்துபோன பிறகு 1280 முதல் 1298 வரை கட்டிய பாலம் அது என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். தாமிரபரணிக் கரையில் பிறந்து இருபத்திரண்டு வயது வரை அதில் குளித்து வளர்ந்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஓமா என்றால் டச்சு மொழியில் பாட்டி. நாங்கள் வாழும் டச்சு நகரமான ஐந்தோவனில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக வாழும் எழுபத்து நான்கு வயதுப் பெண்மணியை என் மகள் அப்படித்தான் அழைப்பாள். இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில் நான் அநேகமாக வீட்டுக்குள்ளேயே இருந்தேன். கணவர் வேலைக்குப் போய்விடுவார். பள்ளி, கடை, மருத்துவர் என எல்லாம் சைக்கிள் தூரத்தில் இருந்தன. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் தம்பிக்குக் குரங்குப் பெடல் போடக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை. மக்கள்தொகையை விடச் சைக்கிள்கள் அதிகமாக இருக்கும் நாட்டில் அது எவ்வளவு பெரிய குறை என்பதை வந்த பிறகே உணர்ந்தேன். ஓமா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை வெளியே அழைத்து, தன் பழைய சைக்கிளின் சீட்டைத் தாழ்த்திக் கொடுத்தார். ஆறு வாரம் பின்னாலேயே நடந்து வந்தார். அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

அடுத்த அக்டோபரில், பள்ளிக்கு ஒரு வார இலையுதிர்கால விடுமுறை விட்டபோது, மாஸ்ட்ரிக்டைச் சுற்றியுள்ள, தான் பிறந்த தென்லிம்பர்க் பகுதியைக் காட்ட எங்களை அழைத்துப் போனார். அங்கே சைக்கிள் பாதைகள் கூடும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண் உண்டு. போகவேண்டிய எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், வரைபடம் தேவையில்லை. 1995-இல் பெல்ஜியத்தில் ஒரு சுரங்கப் பொறியாளரின் யோசனையில் இது தொடங்கியது. நிலத்துக்கடியில் வழி தவறாமலிருக்க உதவிய முறையை அவர் வயல்வெளிக்குக் கொண்டுவந்தார். எண்ணிலிருந்து எண்ணுக்குப் போய்க்கொண்டே இருந்தோம். வழியில் ஒரு பழைய வீட்டில் ஆப்பிளையும் பேரிக்காயையும் செப்பு அண்டாவில் மணிக்கணக்காகக் காய்ச்சி, கறுத்த பாகாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் எனக்கு உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் பதநீர் காய்ச்சும் அடுப்பு நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுக்கடையில் 'ஃப்லாய்' என்ற தட்டையான இனிப்பை வைத்தார்கள். செர்ரி, பிளம் என்று பழம் வைத்துச் செய்வதுண்டு; எங்களுக்கு வந்ததில் பாலில் வெந்த அரிசி நிறைந்திருந்தது. பொங்கலைப் போல் ஒரு பண்டம் ஐரோப்பாவின் நடுவில் எனக்காகக் காத்திருந்தது போலிருந்தது. ஓமா ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னார்: யார் வீட்டு மரம், எந்த மாதத்தில் காய்ச்சுவது, எந்தத் திருவிழாவுக்கு எந்த ஃப்லாய். பாலத்தின் மேல் கேட்ட அந்தக் கேள்வியும் அப்படித்தான் வந்தது. குத்திக்காட்டக் கேட்டதல்ல. தன் ஊரைச் சொன்னவர் என் ஊரையும் கேட்டார், அவ்வளவுதான்.

என் ஆற்றையும் இப்படிச் சைக்கிளில் போய்ப் பார்ப்பது என்று அன்றே மனதில் முடிவு செய்தேன். நிறைவேற ஐந்து ஆண்டுகள் ஆயின.

பள்ளி விடுமுறைக்கு வெளியே பிள்ளையை அழைத்துச் செல்ல நெதர்லாந்தில் அனுமதி கிடைப்பது அரிது, மீறினால் அபராதம். ஆகவே முன்னும் பின்னும் இருந்த சனி, ஞாயிறைச் சேர்த்து ஒன்பது நாள்தான் கையில் இருந்தது. போகவரப் பயணமே மூன்று நாளை விழுங்கியது. ஐப்பசி பிறந்திருந்தது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்தைப் பழந்தமிழில் கூதிர் என்பார்கள். எங்கள் ஊரில் இலை உதிராது, அடைமழை பிடிக்கும். கார் என்னும் நெல் போகத்தின் அறுவடை முடிந்து, அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றங்கால் தயாராகும் பருவம். வெட்டிய தாளும் புதுச் சேறும் கலந்த அந்த மணத்தை எட்டு ஆண்டுகளாக நான் முகரவில்லை.

தாமிரபரணிக் கரையில் எண் பலகைகள் கிடையாது. ஆனால் சித்தி மகன், என் தம்பி, போனில் சொன்ன ஒரு வார்த்தை வழி காட்டியது: "அக்கா, ஆற்றில் எட்டு அணைக்கட்டு இருக்கிறதே!" கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒன்று முதல் எட்டு வரை ஒரு தாளில் எழுதி என் ஹேண்டில்பாரில் ஒட்டினேன். தம்பியின் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் எனக்கு, உறவினர் வீட்டுச் சிறுவனின் சைக்கிள் என் மகளுக்கு, தம்பிக்கு அவனுடைய பழைய வண்டி. மூவரும் பாபநாசத்தில் தொடங்கினோம்.

முதல் நாள் மழை விடவில்லை. பொதிகை மலையின் பாதி மேகத்துக்குள் இருந்தது. அம்பாசமுத்திரத்தில் சித்தி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்திருந்தார். கறுப்பு உளுந்தைத் தோலோடு போட்டு, தேங்காய்த் துருவலும் பூண்டும் சேர்த்து வடித்த சோறு. நனைந்து வந்தவர்களுக்கு அதைவிட நல்ல உணவு எனக்குத் தெரியாது. "ஆச்சி, இன்னும் கொஞ்சம்" என்று என் மகள் தமிழில் கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே விமான டிக்கெட் எடுத்திருக்கலாம்.

மூன்றாம் எண், கன்னடியன். கால்வாய்க் கரையோரம் களை பறித்துக் கரையேறிய ஒரு பாட்டி எங்களைப் பார்த்து நின்றார். பெயர் ஏன் அப்படி என்று என் மகள் கேட்டாள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் கட்டியது, தாயி, என்றார் பாட்டி. கால்வாயை எந்த வழியாக வெட்டுவது என்று அவர் திகைத்தபோது ஒரு பசு முன்னால் நடந்ததாம். பசு நடந்த வழியில் கால்வாய் வெட்டினார், அது கோமியம் விட்ட இடங்களில் மடை வைத்தார், படுத்த இடங்களில் குளம் தோண்டினார். இந்தப் பக்கத்தில் பலரும் சொல்லும் கதைதான். நானும் சிறுவயதில் கேட்டுத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பசுவின் நடையை அன்றுதான் உணர்ந்தேன். காரில் போனால் நேர்ச்சாலைதான் தெரியும். சைக்கிளில் கால்வாயோடு போகும்போது அது வளையும் இடமெல்லாம் நாமும் வளைகிறோம், மேட்டைச் சுற்றுகிறோம், ஒரு குளத்தடியில் இறங்கி இன்னொரு குளத்தடிக்குப் போகிறோம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இந்த மண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தார், ஊர் அவருடைய பிறந்த தேசத்தையே பெயராக வைத்துக்கொண்டது. அந்நிய நாட்டில் வாழும் எனக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருக்காது.

வீரவநல்லூரிலிருந்து பிரிந்து திருப்புடைமருதூர் போனோம். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உட்சுவர் முழுக்க ஓவியம், மரத்தூண்களில் சிற்பம். அனுமதி பெற்று ஏறினோம். குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் ஒன்று ஒரு சுவரில் இருக்கிறது. என் மகள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் பறவைகள் கூடு கட்ட ஊரே இடம் கொடுக்கிறது. 2005-இல் இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக இந்த ஊரைத்தான் அறிவித்தார்கள். இவ்வளவும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்து தூரத்தில் இருந்தது. நான் போனதில்லை.

பத்தமடையில் பஞ்சர். சைக்கிள் கடைக்காரர் டியூபை ஒட்டும் நேரத்தில், எதிர்வீட்டில் பாய் நெய்துகொண்டிருந்த அம்மா உள்ளே அழைத்துக் காட்டினார். கோரையைக் காயவைத்து, கீறி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்காக ஊறவைத்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்கிறார்கள். நயம் பாயைக் கைக்குட்டையைப் போல மடிக்கலாம். ஓமாவுக்கு ஒன்று வாங்கினேன்.

மூன்றாம் நாள் மாலை திருநெல்வேலி டவுனுக்குள் நுழைந்தோம். நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மனின் ஐப்பசித் திருக்கல்யாணத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தேர் வீதிகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. அன்று இரவு அத்தை வீட்டில் சொதி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளைக்குப் போடும் மறுவீட்டுச் சாப்பாடு அது. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய்கள் வேகும், இரண்டாம் பாலில் பாசிப்பருப்போடு சேரும், முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கும் முன் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும். உடன் இஞ்சிப் பச்சடி கட்டாயம். அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க அதுதான் மருந்து. ஐந்தோவனில் டப்பாத் தேங்காய்ப்பாலில் பலமுறை முயன்றிருக்கிறேன். ஒருமுறைகூட இந்த ருசி வரவில்லை. அத்தை காரணத்தை ஒரே சொல்லில் சொன்னார்: "அவசரம்."

மறுநாள் விடியலில் பாலம். டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்க மக்கள் படகையே நம்பியிருந்த காலத்தில், கலெக்டர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. 1843-இல் திறந்தார்கள். பதினொரு வளைவுகள், வடிவமைத்தவர் ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டார். கல்லூரிக்குப் போன மூன்று ஆண்டுகளும் தினம் இருமுறை பஸ்ஸில் இதைக் கடந்தவள் நான். 'சுலோசன முதலியார் பாலம்' என்ற பெயரைச் சொல்லியிருக்கிறேன், அது ஒரு மனிதர் என்று நினைத்ததில்லை. சைக்கிளை ஓரமாக நிறுத்தி, வளைவுகளுக்குக் கீழே செந்நிறமாகப் புரண்டோடும் தண்ணீரைப் படமெடுத்து ஓமாவுக்கு அனுப்பினேன். பெயரையும் ஆண்டையும் எழுதினேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. விழித்திருந்தார் போலும், உடனே ஒரு வரி வந்தது: "சொந்தப் பணமா?"

அதன் பிறகு மருதூர், ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம். பழங்காலப் புதைமேடான ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-இல் தோண்டிய யாகோர் என்ற ஜெர்மானியர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துப் போனார். ஐந்தோவனிலிருந்து பெர்லின் ஒரு பகல் ரயில் பயணம். அடுத்த விடுமுறைக்கு அதையும் எழுதி வைத்திருக்கிறேன். எட்டாம் எண்ணில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில், 2023 டிசம்பர் வெள்ளம் எங்கே வரை ஏறியது என்று தம்பி கைகாட்டிக் காட்டினான். என் தலைக்கு மேலே காட்டினான். அந்த மூன்று நாளும் போன் கிடைக்காமல் ஐந்தோவன் சமையலறையில் நான் நின்றதை அவனிடம் அப்போதுதான் சொன்னேன்.

திரும்பி வந்த அன்றே, பதநீர் காய்ச்சிச் செய்த கருப்புக்கட்டியோடும் பாயோடும் ஓமா வீட்டுக்குப் போனோம். கருப்புக்கட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் ஊர் ஆப்பிள் பாகின் பெயரைச் சொன்னார். அடுத்த வாரம் அரிசி ஃப்லாயில் சர்க்கரைக்குப் பதில் கருப்புக்கட்டியைப் போட்டுச் சுட்டார். நிறம் கறுத்துவிட்டது, ருசி அபாரம். மழையில் மை கரைந்த என் எட்டு எண் தாள் இப்போது அவருடைய குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

வரும் ஐப்பசிக்கு அவரும் வருகிறார். சீட்டைத் தாழ்த்தக்கூடிய லேடீஸ் சைக்கிள் ஒன்றை இப்போதே பார்த்து வைக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.