சாய்ந்து நிற்கும் மரக்கோபுரம்: இங்சியனில் ஒரு நாள்

வட சீனாவின் டாதொங் நகரில் இருந்து தெற்கே வரும் பஸ் இங்சியன் ஊருக்குள் நுழையும் முன்பே கோபுரம் தெரிந்துவிட்டது. 67 மீட்டர் உயரப் பௌத்த மரக்கோபுரம். லியாவோ அரசர்கள் காலத்தில், 1056இல் கட்டியது. மேலே உழவாரன் குருவிகள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

தரைத்தளத்தில் 11 மீட்டர் உயரப் புத்தரைக் கும்பிடலாம். மேலே ஏற அனுமதி இல்லை. இவ்வளவு தூரம் வந்தும் ஏற முடியவில்லையே என்று முதலில் மனசு வாடியது. அப்புறம் வெளியே வந்து இரண்டாம் தளத்தை அண்ணாந்து பார்த்தேன். தூண்கள் சாய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. 1926இல் நடந்த போரில் கோபுரத்தின் மேல் பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தன. 1930களில் மேல்தளங்களின் மண்சுவர்களையும், அவற்றுக்குள் இருந்த குறுக்குச் சட்டங்களையும் எடுத்துவிட்டுக் கதவுகள் வைத்தார்கள். அதோடு பிடிமானமும் போயிற்று.

1933இல் கட்டடக்கலை அறிஞர் லியாங் சிசெங் இங்கே வந்து அளவெடுத்தார். வருவதற்கு முன், கோபுரம் இன்னும் நிற்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது. 'இங்சியனின் சிறந்த போட்டோ ஸ்டுடியோ' என்று மட்டும் முகவரி எழுதிக் கடிதம் போட்டார். படம் வந்து சேர்ந்தது! ஸ்டுடியோக்காரர் கூலியாகக் கேட்டது பெய்ஜிங் கடிதத்தாள்கள்.

லியாங் வரைந்த படத்தில் கோபுரம் நிமிர்ந்தே நிற்கும். கட்டியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அது சொல்கிறது. இன்று எப்படி நிற்கிறது என்பதைச் சொல்வது லேசர் ஸ்கேன்தான். கதிர் படும் ஒவ்வொரு புள்ளியின் இடமும் பதிவாகி, கணினியில் கோபுரம் அதே சாய்வோடு, நசுங்கிய மரத்தோடு எழுகிறது. அடுத்த முறை அளக்கும்போது எந்தத் தூண் எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட்டுவிடலாம். முழுவதும் பிரித்துக் கட்டுவதா, மேல்பகுதியை மட்டும் தூக்குவதா, இருக்கிற நிலையிலேயே முட்டுக் கொடுப்பதா என்று பல வருடங்களாக விவாதம் நடக்கிறது. எதைச் செய்தாலும் கையில் அளவு இல்லாமல் ஒரு மரத்தைக்கூடத் தொடக் கூடாது என்றே எனக்குப் படுகிறது.

தூண் தலையில், நம் ஊரில் போதிகை இருக்கும் இடத்தில், இங்கே 'தோகொங்' என்ற மர அடுக்கு. கட்டையும், கை போல நீளும் சட்டமுமாக ஒன்றன்மேல் ஒன்று கோத்தது. இந்த ஒரு கோபுரத்தில் மட்டும் 54 வகை. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஏழெட்டு வகைதான் பிரித்தறிய முடிந்தது.