உப்புக்காற்றில் ஒரு மாருதி 800: ஸ்பீக்கர் மாற்றிய அனுபவம்

வண்டி 2003 மாடல் மாருதி 800. நிற்கிற இடம் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம், அதனால் வண்டியில் எது கெட்டாலும் முதல் சந்தேகம் உப்புக்காற்றின் மேல்தான் போகும், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பாட்டுப் பைத்தியம் போல. முன்கதவு இரண்டிலும் தகட்டை வெட்டி அஞ்சேகால் இன்ச் ஸ்பீக்கர், பின்னால் பார்சல் ட்ரேயில் முட்டை வடிவ ஆறுக்கு ஒன்பது ஒரு ஜோடி. வாங்கியபோது எல்லாமே பேருக்குப் பாடின. போன மழைக்காலம் முடிந்ததும் இடது கதவில் பேச்சுக் குரல் வந்தாலே கரகரப்பு, வலது ஸ்பீக்கர் கதவைத் திறந்தால் பாடும், மூடினால் நிற்கும், பின்னால் உள்ளவை பேஸ் வந்தாலே படபடவென்று அடித்துக்கொள்ளும். சரி, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

டோர் பேடைக் கழற்றுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கண்ணாடி சுற்றும் ஹேண்டில் மட்டும்தான் ஆளைச் சோதிக்கும். அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கிறது. ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவில் பழைய வேட்டித் துணியை நுழைத்து இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப் தெறித்து வரும். எங்கே போய் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, மேலே இன்னொரு துணியைப் போர்த்திவிட்டு இழுங்கள்.

உள்ளே பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கதவுத் தகட்டின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட் இரண்டு கதவிலும் இல்லை, ஸ்பீக்கர் போட்டவர் கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கார் கதவுக்குள் மழைத் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடி வழியாக இறங்கி, கதவின் அடியில் உள்ள சின்னத் துளைகள் வழியாக வெளியே போய்விடும், அப்படித்தான் எல்லாக் கதவும் செய்யப்பட்டிருக்கிறது. அதாவது ஸ்பீக்கரின் முதுகு எப்போதும் ஈரத்தில். அந்த ஈரத்தோடு இங்கே உப்பும் சேர்கிறது.

இடது ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்த்தேன், சும்மா தூக்கிப் போட மனசு வரவில்லை. சத்தத்துக்கு ஆடுகிற கூம்பான கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் விளிம்பு விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. இவற்றைத் தாங்குகிற கூடை இரும்புத் தகடு, பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு. கரகரப்புக்குக் காரணம் காந்தப் பகுதியில் இருந்தது. ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது, அதுவே இரும்பு ஆக்சைடைச் சேர்த்துச் செய்ததுதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற தகடுகள் சாதாரண இரும்பு. அவை துருப்பிடித்து, அந்தச் செதில்கள், கோனோடு ஒட்டிய கம்பிச் சுருளான 'காயில்' ஏறி இறங்குகிற இடுக்கில் விழுகின்றன. இடுக்கு மொத்தமே ஒரு மில்லிமீட்டர் சொச்சம், அதுவும் காந்தம் பிடித்து வைத்திருக்கிற இடம், ஊதினாலும் தட்டினாலும் செதில் வெளியே வராது. காயில் அதன் மேல் உரசிக்கொண்டே ஆடும். இதைச் சரி செய்வதைவிடப் புதுசு வாங்குவது மலிவு.

வலது ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 3.6 ஓம்ஸ் காட்டியது. 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு மீட்டரில் அந்த மாதிரி கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஆக காயில் நன்றாக இருக்கிறது. ஒயர்தான் கதவுக் கீலுக்குப் பக்கத்தில், ரப்பர் குழாய் போகிற இடத்தில், உள்ளே அறுந்து தோல் மட்டும் முழுசாக இருந்தது. செம்பு முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. மண்டபம் முகாமில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு உலோக அரிப்பைச் சோதிக்கவென்றே ஒரு நிலையம் இருக்கிறது. நாங்கள் அந்தச் சோதனையை வீட்டு வாசலிலேயே இலவசமாக நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் எதை வாங்குவது என்ற கேள்வி. கடைகளில் எல்லாரும் வாட்ஸில்தான் பேசுகிறார்கள். மதுரையில் ஒரு கடைக்காரர், "அண்ணே, இது முந்நூறு வாட்ஸ், கதவு அதிரும்" என்றார். கதவு ஏற்கெனவே அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. என் பாட்டு செட்டின் முகத்தில் 4×50 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறது, அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப், ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் எதிரெதிராக இயக்குகிற பிரிட்ஜ் வகை, அதிலும் உச்ச வோல்டேஜ் 14.4-ஐத் தாண்ட வழியில்லை. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓம்ஸைப் போல இரண்டு மடங்கான 8-ஆல் வகுத்தால் 26 வாட்ஸ் கூட முழுசாக வரவில்லை. ஆம்புக்குள் விழுகிற இழப்பைக் கழித்தால் சுத்தமாகக் கிடைப்பது பதினெட்டு, இருபது. அந்த இருபது வாட்ஸுக்கு முந்நூறு வாட்ஸ் ஸ்பீக்கர் எதற்கு?

பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் என்பது டெசிபலில் பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். 88 இருப்பதற்கும் 92 இருப்பதற்கும் வித்தியாசம் 4 டெசிபல்தான், ஆனால் அதே சத்தத்தை 88 ஸ்பீக்கரில் எடுக்க இரண்டரை மடங்கு வாட்ஸ் வேண்டும். தனி ஆம்ப் வைக்கிற எண்ணம் இல்லாதவருக்கு இந்த ஒரு எண் போதும். சில பிராண்டுகள் இதைப் போடுவதே இல்லை, அவற்றை நான் கையில் எடுக்கவில்லை.

சென்சிடிவிட்டிக்குக்கூட இரண்டாவது இடம்தான் கொடுத்தேன், முதல் இடம் பொருளுக்கு. கோன் பாலிப்ராப்பிலீன், விளிம்பு ரப்பர், இந்த இரண்டும் இல்லையென்றால் வேண்டாம் என்று முடிவு. காகிதக் கோன் கேட்க நன்றாக இருக்கும், சில பேர் அதற்கு ஈடே இல்லை என்பார்கள், மறுக்கவில்லை, ஆனால் ஈரக் கதவுக்குள் அது எத்தனை மழை தாங்கும்? படகுக்கென்றே வருகிற மெரைன் ஸ்பீக்கர்களையும் பார்த்தேன். நல்லவற்றில் ஏஎஸ்டிஎம் பி117 என்று போட்டிருப்பார்கள், 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனிபோல் தூவிச் சோதிக்கிற முறை அது. ஆசைதான், விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கோயாக்சியல் எடுத்தேன், தாழ்ந்த சத்தத்துக்கான ஊஃபருக்கு நடுவிலேயே உச்ச சத்தத்துக்கான ட்வீட்டர் இருக்கிற வகை. ட்வீட்டர் தனியாக வருகிற காம்பொனென்ட் செட் சத்தத்தில் ஒரு படி மேல், ஆனால் 800-இல் ட்வீட்டரையும், சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற கிராஸ்ஓவரையும் வைக்க இடம் தேட வேண்டும், புதிதாக ஓட்டை போட வேண்டும். இந்த ஊரில் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு துரு.

வாங்குவதற்கு முன்னால் ஆழத்தை அளந்துவிடுங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தகட்டிலிருந்து கண்ணாடி வரை. எனக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக வந்தது, அஞ்சேகால் இன்ச்சில் பாதி ஸ்பீக்கர்கள் அங்கேயே கழிந்துவிடும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு வளையம், அதாவது ரிங், வைத்து ஒரு சென்டிமீட்டர் வெளியே கொண்டுவந்தால் கொஞ்சம் ஆசுவாசம்.

அந்த ரிங்தான் இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வழக்கமாக எம்டிஎஃப் பலகையில் வெட்டுவார்கள். எம்டிஎஃப் தண்ணீர் பட்டால் உப்பும், ஸ்க்ரூ பிடி விடும், இங்கே ஒரு மழைக்குத் தாங்காது. படகுப் பட்டறையில் மிச்சம் கிடந்த 12 மி.மீ. மெரைன் பிளைவுட் துண்டு கிடைத்தது. ஜிக்சாவில் வெட்டி, ஓட்டையெல்லாம் போட்டு முடித்துவிட்டு, அப்புறம் பைபர் படகுக்குப் பூசுகிற அதே பாலியெஸ்டர் ரெசினை இரண்டு கோட் கொடுத்தோம். வெட்டிய விளிம்பும் ஸ்க்ரூ ஓட்டையின் உள்பக்கமும்தான் தண்ணீர் குடிக்கிற இடம், அதனால் ஓட்டை போட்ட பிறகு பூச வேண்டும். வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒன்று: ரெசின் இறுகச் சேர்க்கிற ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். பட்டறையில் இருந்த பெரியவர் இதைச் சொல்லிவிட்டுத்தான் டப்பாவையே கையில் கொடுத்தார்.

ஒயருக்கும் படகுதான் வழிகாட்டி. மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் பார்க்கிற அண்ணன் ஒருவர் நான் வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கர் ஒயரின் முனையைச் சீவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வெறும் செம்பு, ரெண்டு வருஷம்தான், வெள்ளி மாதிரி இருக்கும் பாருங்க, அதைப் போடுங்க" என்றார். வெள்ளி இல்லை, வெள்ளீயப் பூச்சு. செம்பு இழை ஒவ்வொன்றிலும் வெள்ளீயம் பூசிய மெரைன் ஒயர், உப்பு ஏறினாலும் பச்சை பூப்பது ரொம்பக் குறைவு. ஒரு முனையை நான் சால்டர் வைக்கப் போனேன், அதையும் தடுத்தார். சால்டர் ஏறிய இடம் விறைத்துவிடும், அதிர்வில் அதன் ஓரத்தில்தான் அறுகிறது என்றார், சொன்னது நியாயமாகப் பட்டது. ஒயர் முனையில் லக் போட்டு, கொறடால் நசுக்கி கிரிம்ப் பண்ணி, மேலே உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் ஏற்றி, டெர்மினலில் கொஞ்சம் வாசலின்.

பழைய வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் பாருங்கள். கேசட் செட் காலத்து ஒயரிங்கில் ஸ்பீக்கர் மைனஸை வண்டியின் பாடியிலேயே எர்த் செய்திருப்பார்கள், இல்லையென்றால் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மைனஸ் ஓட்டியிருப்பார்கள். என் வண்டியில் பின்னால் அப்படித்தான் இருந்தது. இப்போதைய பிரிட்ஜ் செட்டில் மைனஸ் என்பது எர்த் அல்ல, அதுவும் சிக்னல் வருகிற முனைதான். பாடியில் தொட்டால் செட் ஊமையாகும், இல்லையென்றால் ஆம்ப் போய்விடும். ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயர் வீதம் செட்டிலிருந்து புதிதாக இழுத்தேன். ப்ளஸ் மைனஸ் குழப்பம் வந்தால் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் ப்ளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கரின் ப்ளஸ். ஒரு பக்கம் மாறிப்போனால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

பிறகு கதவு. துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, ரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் டேப். ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சந்திக்கிற வழி இருந்தால் தாழ்ந்த சத்தம் அங்கேயே ரத்தாகிவிடும், பழைய ஸ்பீக்கரில் பேஸ் இல்லாததற்கு பாதிக் காரணம் இந்த இடைவெளிதான் என்று நினைக்கிறேன். பழைய வலது ஸ்பீக்கரையே புது ரிங்கில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன், முன்பு இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புது ஸ்பீக்கர் வாங்கக் காசு இல்லாதவர்கள் ரிங்கும் டேப்பும் மட்டும் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் மேல்பாதியில் கூரை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு, தண்ணீர் நேராகக் காந்தத்தில் சொட்டாமல் இருக்க. கிழிந்துபோன ஷீட்டுக்குப் பதில் தடித்த பாலித்தீன், பியூட்டைல் டேப்பில் ஒட்டி, கீழ்முனை கதவின் உள்பக்கம் போகிற மாதிரி. அதிர்வை அடக்க ஒட்டுகிற தார் வகை டேம்பிங் ஷீட்டைத் தவிர்த்தேன், சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்தால் வண்டிக்குள் புது ரோடு வாசம் வரும். எதை ஒட்டினாலும் அடித்துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள்.

பின்னால் இருந்த ஆறுக்கு ஒன்பதைக் கழற்றியதோடு சரி, திரும்பப் போடவில்லை. பின்கண்ணாடி வெயில் நேராக விழுகிற இடம், ஃபோம் விளிம்பு வெடித்துத் தொங்கியது. அதைவிட, இறுக்கிப் பிடிக்காத ட்ரேயில் கனமான காந்தம் இரண்டு, திடீர் பிரேக்கில் அவை நேராக நம் பின்மண்டைக்குத்தான் வரும். ட்ரே இப்போது லேசாகிவிட்டது, மனைவிக்கு அதில்தான் அதிக சந்தோஷம்.

செட்டில் தாழ்ந்த சத்தத்தை வெட்டுகிற ஹைபாஸை 100 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். அஞ்சேகால் இன்ச்சிடம் அதற்குக் கீழே கேட்பது அநியாயம், கேட்டால் குரலும் சேர்ந்து கலங்கும். செட்டில் அந்த வசதி இல்லாதவர்கள் ஒவ்வொரு ஸ்பீக்கரின் ப்ளஸிலும் 400 மைக்ரோஃபாரட் அளவில் ப்ளஸ் மைனஸ் பேதமில்லாத ஒரு நான்போலார் கெப்பாசிட்டர் வைத்தால் 4 ஓம்ஸுக்கு ஏறக்குறைய அதே இடத்தில் வெட்டும்.

ஓட்டிப் பார்த்தது பாம்பன் பாலத்தில். பாலத்து இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது எந்த கிளிப் லூஸ் என்று வண்டியே சொல்லிவிடும், வலது டோர் பேடின் கீழ்மூலை சொன்னது, துண்டு ஃபோம் வைத்ததும் அடங்கிவிட்டது. பாலம் தாண்டியதும் பண்பலையைத் திருப்பினேன். இந்தக் கரையில் இலங்கைத் தமிழ் நிலையங்கள் தெளிவாகப் பிடிக்கும், சூரியன், சக்தி எல்லாம். அறிவிப்பாளர் பேச்சில் 'ச', 'ஸ' உரசல் எடுக்காமல் வந்தது, ட்வீட்டருக்கு அதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது. கண்ணாடியை இறக்கிவிட்டு அரிச்சல்முனை ரோட்டில் போனால் காற்று எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது, அதற்கு எந்த ஸ்பீக்கரும் ஒன்றும் செய்ய முடியாது.

பாக்கி இருப்பது இடது கதவுக் கீலில் ஒயர் போகிற ரப்பர் குழாய். ராமநாதபுரத்தில் கேட்ட கடைகளில் இல்லை, பழைய இரும்புக் கடையில் கிடைத்ததும் வெடித்துப் போனதுதான். தற்காலிகமாக சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி இரண்டு முனையிலும் டேக் போட்டு வைத்திருக்கிறேன். நல்ல ரப்பர் குழாய் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஐப்பசி மழைக்குள் மாற்றிவிட வேண்டும்.