ரத்தம் கொடுத்த பத்தாம் நாள்

“ரத்த வங்கியிலிருந்து கவுன்சிலர் பேசுகிறேன்” என்றதும், வார்டு கவுன்சிலருக்கு அங்கே என்ன வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். பேசியவர் ஆலோசகர். “போன வாரம் முகாமில் ரத்தம் கொடுத்தீர்கள் அல்லவா சார், ஒரு நடை நேரில் வந்துவிட்டுப் போங்கள்” என்றார். எதற்கு என்று கேட்டேன். வாருங்கள், சொல்கிறேன் என்பதோடு சரி.

அதற்கு முன் பதினோரு முறை கொடுத்திருக்கிறேன். வந்ததெல்லாம் நன்றிக் குறுஞ்செய்திதான். அன்றிரவு எச்.ஐ.வி. என்ற மூன்றெழுத்தைத் தவிர மனத்தில் வேறெதுவும் ஓடவில்லை. 2018 டிசம்பரில், சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, ரத்தம் கொடுத்தவரை வாய்க்கு வந்தபடி திட்டியவன் நான். விஷயம் தெரிந்ததும் தானே போய்ச் சொன்ன பிள்ளை அவர் என்பதை அப்புறம்தான் படித்தேன்.

மறுநாள் ஆலோசகர் நான் முகாமில் நிரப்பிய படிவத்தை எடுத்துப் போட்டார். பரிசோதனையில் ஏதும் தெரியவந்தால் எனக்குத் தெரிவிக்கலாம் என்ற வரிக்கு நேரே என் ‘டிக்’. படிக்காமலே போட்டது. பிறகு, “ஹெபடைடிஸ் சி ரியாக்டிவ்” என்றார். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் அது; அதற்கான அடையாளம் என் ரத்தத்தில் தெரிந்திருக்கிறதாம்.

எச்.ஐ.வி. இல்லை என்றதும் மூச்சு வந்தது. அடுத்த நிமிடமே, இது மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று தோன்றியது.

ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகள் நம் நாட்டில் கட்டாயம். பை நிரம்பும்போது தனியாகச் சிறு குழாய்களில் பிடிக்கிறார்களே, அது இதற்குத்தான். முடிவு வரும்வரை பை தனிக் குளிர்பெட்டியில் கிடக்கும். “உங்கள் பையை அழித்துவிட்டோம்” என்று அவர் சாதாரணமாகச் சொன்னது ஏனோ உறுத்தியது. 350 மில்லி.

பச்சை குத்தியதுண்டா, ரத்தம் ஏற்றியதுண்டா, ஊசி போடும் பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. அவர் முகத்தில் சந்தேகமும் இல்லை, ஆறுதலும் இல்லை. அதுவே நல்லதாகப் பட்டது. இந்தச் சோதனை எதையும் தப்பவிடக் கூடாது என்று வடிவமைத்தது, அதனால் நிரபராதிகளையும் சேர்த்துப் பிடிக்கும், வைரஸே இருக்கிறதா என்று பி.சி.ஆர். பார்த்தால்தான் உறுதி என்றார். நோய் என்றே ஆனாலும் பன்னிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும், அரசுத் திட்டத்தில் இலவசம் என்பதையும் சொன்னார். முடிவு வரும்வரை சவரக்கத்தி, நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது.

பி.சி.ஆர். முடிவுக்கு நான்கு நாள். மனைவியிடம் சொல்லவில்லை. தவறுதான், ஆனால் கல்லீரல் என்று ஆரம்பித்தாலே குடித்தாயா என்பதில் போய் முடிகிற வீடு எங்களுடையது. நகவெட்டியை என் அலுவலகப் பையின் உள்ளறையில் ஒளித்துவைத்தேன். இரண்டாம் நாளே மகளுக்கு நகம் வெட்ட வேண்டும் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். அலமாரி, தையல் டப்பா, ஃபிரிட்ஜின் மேல். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

ஐந்தாம் நாள் தாள் வந்தது: வைரஸ் இல்லை. முதல் சோதனை ஆளை மாற்றிப் பிடித்திருக்கலாம், அல்லது எப்போதோ வந்த தொற்று தானாகவே விலகி, எதிர்ப்புப் புரதம் மட்டும் மிஞ்சியிருக்கலாம் என்றார் மருத்துவர். எதுவானாலும் சிகிச்சை தேவையில்லை. அடுத்த முகாமுக்கு வரலாமா என்று கேட்டேன். வேண்டாம் சார் என்றார். அடுத்த முறையும் அந்தச் சோதனை பிடிக்கும், பை மறுபடியும் குப்பைக்குத்தான் போகும். நியாயம்தான். இருந்தாலும் வாசலில் மாட்டியிருந்த ரத்ததான விளம்பரப் பலகையை நிமிர்ந்து பார்க்காமல்தான் வெளியே வந்தேன்.

அன்றிரவு நகவெட்டியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

“கிடைத்துவிட்டதா? எங்கே இருந்தது?” என்றாள்.

“பையில்” என்றேன்.