சின்னவன் பார்க்கிறான்: சில நாட்குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்

சின்னவனுக்கு ஒரு வயது ஏழு மாதம் ஆகிறது. சாப்பிடும் நேரம் இப்போதெல்லாம் கரண்டி விழும் நேரமாகிவிட்டது. உயர நாற்காலியில் உட்கார வைத்ததும் கரண்டியை ஓரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறான். எடுத்துக் கொடுத்தால் அடுத்த முறை இடப்பக்கம். மறுபடி கொடுத்தால் கையை நன்றாக உயர்த்தி அங்கிருந்து. அதன் பிறகு கிண்ணம். அது காலியாக இருந்தால் நம் அதிர்ஷ்டம்.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) தன் மூன்று பிள்ளைகளையும் பக்கத்திலிருந்து கவனித்துப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தவர். அவருடைய மகன் பத்து மாதத்தில் மல்லாந்து படுத்தபடி, பொம்மை அன்னத்தையும் பெட்டியையும் எடுத்து, கையை வேறு வேறு பக்கம் நீட்டி விழவிட்டதைக் குறித்திருக்கிறார். ஒரே செயலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் செய்து, என்ன ஆகிறது என்று பார்ப்பது ஏறக்குறைய 12 மாதத்திலிருந்து 18 மாதம் வரையான பருவத்தின் குணம் என்றார். எங்கள் ஆள் அந்தக் கணக்கைத் தாண்டியும் நிறுத்துவதாக இல்லை. பியாஜே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அன்னத்தை யாரோ குனிந்து எடுத்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? அவர்களுடைய குறிப்பையும் படிக்க ஆசையாக இருக்கிறது.

இன்று ஒன்றைக் கவனித்தேன். முதலில் கரண்டி விழுவதை எட்டிப் பார்த்தான். அப்புறம் கரண்டியை அவன் பார்க்கவே இல்லை. விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். தரையில் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் என்ன ஆகும் என்பதுதான் பாக்கி.

மார்ச் 5, புதன்

டிவி ரிமோட்டுக்காக வீட்டில் நடக்கும் போராட்டம். அவனுக்கென்றே ஒரு பொம்மை ரிமோட் இருக்கிறது. அழுத்தினால் பாடும், விளக்கு எரியும், பன்றி கத்தும். உண்மையான ரிமோட்டில் இதெல்லாம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவனுக்கு அதுதான் வேண்டும். உழைத்து ஓய்ந்த பழைய ரிமோட்டைக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு பொத்தானை அழுத்தினான், டிவியைப் பார்த்தான், இன்னொரு பொத்தானை அழுத்தினான், திரும்பவும் டிவியைப் பார்த்தான், தூக்கிப் போட்டுவிட்டான். கடையில் பொருள் வாங்கும்போது நான்கூட இவ்வளவு ஒழுங்காகச் சோதிப்பதில்லை.

இவ்வளவுக்கும் டிவியில் ஓடுவது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை நேரமே வேண்டாம், இரண்டு வயதுக்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இவன் விஷயத்தில் பிரச்சினை அந்தப் பெட்டி இல்லை. அதை ஆட்டிவைக்கும் குச்சி.

பெரியவள் (இரண்டாம் வகுப்பு) ஒரே வரியில் முடித்துவிட்டாள். "அப்பா, பொம்மை ரிமோட்டை நீங்க யாருமே தொடறதில்லையே. அது எப்படி நல்ல சாமானா இருக்கும்?"

அதனால் சாயங்காலம் நானும் அவளும் ஒரு நாடகம் போட்டோம். "ரிமோட் எங்கே, ரிமோட் எங்கே" என்று சோபாவெல்லாம் தேடி, பொம்மை ரிமோட்டைக் கண்டுபிடித்து, டிவியைப் பார்த்து அழுத்தி, "எனக்குக் கொடு" என்று சண்டை போட்டோம். ஓடி வந்து பிடுங்கிக்கொண்டான். இரவுச் சாப்பாடு வரைக்கும் அந்த மதிப்பு நின்றது.

மார்ச் 8, சனி

இன்று விளையாட்டில்லை. பட்டன் பேட்டரிகளைத் தேடி ஒழிக்கும் நாள்.

ஆரம்பித்து வைத்தது அத்தையின் காது மெஷின். அதற்குப் புது பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். பழையது ஜன்னல் திட்டில் இருந்தது. சின்னவன் சோபாவில் ஏறி நின்றுகொண்டு அதையே பார்க்கிறான். தொடவில்லை, அத்தையின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாட்டி இவ்வளவு கவனமாகக் கையாளும் பொருள் என்றால் அது அவனுக்குச் சாதாரணப் பொருள் இல்லை.

பட்டன் பேட்டரியை விழுங்கினால் தொண்டை அடைக்கும் என்று மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தின் வழியாக மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைப் பக்கம் கடுங்காரம் உண்டாகித் தசையை அரிக்கத் தொடங்கும். பேட்டரி உடைந்து உள்ளிருப்பது கசிய வேண்டும் என்பதுகூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஆகிவிடலாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகைதான் எல்லாவற்றிலும் மோசம். அளவு பெரிது என்பதால் சிக்கும், வோல்ட்டேஜும் அதிகம். தீர்ந்துபோன பேட்டரி என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது, மிச்சமிருக்கும் சக்தியே போதும். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டைச் சுற்றி வந்தால் எங்கெல்லாம் கிடைக்கின்றன! எடை பார்க்கும் மெஷின், காய்ச்சல் பார்க்கும் கருவி, கார் சாவி, திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை, பெரியவளின் விளக்கு எரியும் மோதிரம். மூடியில் திருகு இல்லாததெல்லாம் மேல் அலமாரிக்குப் போயிற்று. அத்தை தன் பேட்டரிகளை மூடி இறுகிய ஒரு டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். "நகையைக்கூட நான் இப்படிப் பூட்டினதில்ல மாப்பிள்ளை" என்றார்.

கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டோம். அதற்குள் நுழைந்து விழும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையில் இருக்கக் கூடாது. பெரியவள் அந்தக் குழாயோடு வீடு முழுக்கச் சோதனை அதிகாரியாகத் திரிந்தாள். என் மோதிரம் தேறவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றைய தொடர்ச்சி. குளியலறை வாளியில் இனி இரவில் தண்ணீர் பிடித்து வைப்பதில்லை. இந்த வயதில் உடம்புக்குத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழுந்து வரத் தெரியாது. சில அங்குலத் தண்ணீரே ஆபத்துக்குப் போதும். கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

பெரியவளின் பொம்மைக்கு உள்ளங்கை அளவில் ஒரு கார் உண்டு. இன்று சின்னவன் அதன் கதவைத் திறந்து, ஒரு காலைத் தூக்கி, உள்ளே ஏறப் பார்த்தான். பெருவிரல் மட்டும்தான் நுழைந்தது. காரைத் திருப்பி வைத்து இன்னொரு கதவு வழியாக முயன்றான். பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கதவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பான்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, ஏனென்றால் இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஜூடி டிலோச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளைப் பெரிய கார், நாற்காலி, சறுக்குமரம் ஆகியவற்றில் விளையாடவிட்டு, அவர்கள் வெளியே போன நேரத்தில் அச்சாக அதே மாதிரியான குட்டிப் பொருள்களை மாற்றி வைத்தார்கள். திரும்பி வந்த குழந்தைகளில் பலர் அந்தக் குட்டி நாற்காலியில் உட்காரவும், குட்டிக் காரில் ஏறவும் மெய்யாகவே முயன்றார்கள். இது கார், காரில் ஏற வேண்டும் என்ற முடிவு, இது எவ்வளவு பெரிது என்ற கணக்கைக் கேட்காமலே காலைத் தூக்கிவிடுகிறது. ஆனால் குட்டிக் கதவைத் திறக்கும் விரல்கள் மட்டும் அளவைச் சரியாகப் பிடித்துக்கொள்கின்றன. முடிவெடுப்பதும் விரலை நடத்துவதும் மூளையில் தனித்தனி வேலைகள் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

ராத்திரி இவளிடம், அதாவது என் மனைவியிடம், சொன்னேன். "நீங்க போன மாசம் வாங்கிட்டு வந்த அலமாரிக்கும் அதே விளக்கம்தானா?" என்று கேட்டாள்.

மார்ச் 20, வியாழன்

சுவர் மூலையில் ஒரு சிலந்தி. சின்னவன்தான் முதலில் பார்த்தான். விரலை நீட்டினான், உடனே எங்கள் பக்கம் திரும்பினான். இவளுக்குச் சிலந்தி என்றாலே ஆகாது. சத்தம் போடாமல் சமாளித்தாள், ஆனால் முகம் போட்டுக் கொடுத்துவிட்டது. நானோ சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒத்துவரவில்லை என்றதும் திரும்பி, நாற்காலியில் இருந்த பாட்டியைப் பார்த்தான்! அத்தை தலையைக்கூட நிமிர்த்தாமல் "அது பாட்டுக்குப் போகட்டும் விடு" என்றார். வழக்கு முடிந்தது. சுவரை விட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்து சிலந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தைகள் இப்படி முகம் பார்த்து முடிவெடுப்பதை 1985-இல் ஒரு சோதனையில் காட்டினார்கள். கண்ணாடித் தளத்துக்குக் கீழே ஓர் அடி பள்ளம் தெரிகிற மாதிரி அமைப்பு, அதன் எதிர்ப்பக்கம் அம்மா. ஒரு வயதுக் குழந்தை விளிம்புக்குத் தவழ்ந்து வந்து தயங்கி அம்மாவைப் பார்க்கும். அம்மா மலர்ந்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. அம்மாக்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, வெறும் முகம்தான்.

இதைப் படித்துக் காட்டினால் இவளுக்குக் கோபம். "அப்போ இனிமேல் நான் பயப்படக்கூட உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் பயப்படணுமா?" நியாயமான கேள்வி. எந்த முகத்தையும் நடித்துக்கொண்டே ஒரு வீட்டில் வாழ முடியாது. அவள் பயப்படட்டும், நான் சிரிக்கிறேன், அவன் பாட்டியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

மதியம் தூங்கவில்லை. ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்பார்கள். அதில் 14 மணி நேரம் தூங்கும் குழந்தை யார் வீட்டில் இருக்கிறதோ, அவர்களுக்கு என் வணக்கம்.

மார்ச் 29, சனி

இவள் துணி காயப்போடும்போது ஒரு கிளிப் கை தவறிக் கீழே விழுந்தது. கை நிறைய ஈரத்துணி, குனிய முடியவில்லை. சின்னவன் எங்கிருந்தோ வந்து எடுத்து நீட்டினான். யாரும் கேட்கவில்லை.

இதற்கும் ஒரு சோதனை உண்டு, அதுவும் துணி கிளிப்பை வைத்தே! பெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2006-இல் வெளியிட்டது. கொடியில் துணி போடுகிற ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்ட முடியாமல் தவிப்பார். 18 மாதக் குழந்தைகளில் பலர் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார்கள். அதே ஆள் வேண்டுமென்றே கிளிப்பை வீசினால் அவ்வளவாக அசையவில்லை. தவறி விழுந்தது எது, எறிந்தது எது என்று அந்த வயதிலேயே பிரித்துப் பார்க்கிறார்கள்.

பெரியவள் விடுவாளா? ஒரு கிளிப்பைத் தவறவிட்டாள், எடுத்துக் கொடுத்தான். இன்னொன்றை வேண்டுமென்றே வீசினாள். அவன் கிளிப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கூடையிலிருந்து தானும் ஒன்றை எடுத்து அதே திசையில் வீசினான். ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு முடிவைப் பார்த்த ஞாபகம் இல்லை. அப்புறம் இரண்டு பேருமாகக் கூடையைக் காலி செய்தார்கள்.

மீதி நேரமெல்லாம் உதவிதான். மடித்து வைத்த துணியைப் பிரித்து, சுருட்டி, மறுபடி எங்களிடமே கொடுத்தான். வேலை இரட்டிப்பானது என்று நான் முணுமுணுத்தால், "செய்யும்போது துரத்திட்டு, பத்து வயசுல சோம்பேறின்னு திட்டுவீங்க" என்றார் அத்தை. பெரியவள் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போயிருந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

சமையலறையில் கீழ் டிராயர் ஒன்றை அவனுக்கே ஒதுக்கியிருக்கிறோம். மற்றவற்றுக்குப் பூட்டு. உள்ளே மரக்கரண்டி, மூடிகள், பிளாஸ்டிக் கிண்ணங்கள், எல்லாம் அட்டைக் குழாய் சோதனையில் தேறியவை. நாளில் பாதி அதன் முன்னால்தான் போக வேண்டும் என்பது எங்கள் திட்டம். அவன் திட்டம் வேறு. தன் டிராயரைத் திறந்து, மூடி, பக்கத்து டிராயரை இழுத்துப் பார்த்து, திறக்காததால் எங்கள் முகத்தைப் பார்க்கிறான். பிறகு ப்ளக் பாயிண்ட் பக்கம் போய், "வேணாம், வேணாம்" என்று தானே தலையாட்டிச் சொல்லிக்கொண்டு விரலை நீட்டுகிறான். மூடி போட்டிருக்கிறது, அதனால் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும்.

டிராயரில் இருப்பதை அவ்வப்போது மாற்றிப் பார்க்கலாம் என்று இவள் சொன்னாள். தகர டப்பா ஒன்று கிடைத்தது, பெரியது, கூர்முனை இல்லாதது, மூடினால் டப்பென்று நல்ல சத்தம் வரும். அப்படியே உள்ளே வைக்கப் போனேன். பெரியவள் தடுத்துவிட்டாள்.

"அப்பா, சும்மா வச்சா எடுக்க மாட்டான். முதல்ல நீங்க ரெண்டு நாள் அதை வச்சு ஏதாவது வேலை செய்யணும்."

ஆகவே இன்று சாயங்காலம் முழுக்க, கூடத்தில் எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்து, ஒரு காலி டப்பாவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடிக்கொண்டிருந்தேன். சின்னவன் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டான். அத்தையும்தான். "அதுல என்ன மாப்பிள்ளை இருக்கு?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார்.