டாக்டரிடம் போய்வந்த ஆமைக்கு முதல் மூன்று நாள்

ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு மூலையில் முடங்கிவிடும். பாவம் என்று செம்பருத்திப் பூவை அதன் மூக்குக்கு நேரே நீட்டுவோம். தின்னவில்லையா, தூக்கிக் கண்ணைப் பார்ப்போம், காலைத் தொட்டுப் பார்ப்போம். அரை மணி கழித்து மறுபடியும் தூக்குவோம். டாக்டர் மேசையில் அதற்கு நடந்ததையே வீட்டிலும் தொடர்ந்து நடத்துகிறோம் என்பது நமக்கு உறைப்பதில்லை. அதற்கு அன்றைக்கு வேண்டியவை சூடு, தண்ணீர், இருட்டு. சாப்பாடு எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

இங்கே சொல்லும் அளவுகள் ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள இளம் சல்கேட்டா ஆமைக்கானவை. ஆப்பிரிக்காவின் சாஹேல் வறண்ட புல்வெளியைச் சேர்ந்த இனம் இது. குளிர்கால உறக்கம் இதற்குக் கிடையாது. இந்தியாவில் இதை வளர்ப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 2024-இல் அதற்கென விதிகளே வந்துவிட்டன. நம்மூர் நட்சத்திர ஆமையின் கதை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

முதலில் ஆமையின் உடம்புக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். பயந்த ஆமை, தூக்கிய கையிலேயே மூத்திரம் பெய்துவிடும். பலர் இதை அசிங்கம் என்று துடைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். தரை ஆமைக்கு மூத்திரப்பைதான் தண்ணீர்க் குடம். வறண்ட நாட்களுக்கென்று அது சேமித்து வைத்திருந்த நீர் அங்கேயே கொட்டிப் போயிருக்கும். இரண்டாவது, குளிர். ஏ.சி. காரில் ஒரு மணி நேரம், ஏ.சி. அறையில் காத்திருப்பு ஒரு மணி நேரம் என்றால் ஆமையின் உடல் வெப்பம் 24, 25 டிகிரிக்கு இறங்கியிருக்கும். நம்மைப் போல அது உள்ளிருந்து சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. உடம்பு குளிர்ந்தால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகும், போட்ட மருந்து உடம்பில் பரவி வெளியேறும் வேகமும் மாறும். ‘புஸ்’ என்று சீறுகிறதே, அதைக் கோபம் என்று நினைக்க வேண்டாம். தலையையும் காலையும் ஒரே நேரத்தில் உள்ளே இழுக்கும்போது ஓட்டுக்குள் இடம் போதாமல் நுரையீரல் காற்று வெளியே தள்ளப்படும் சத்தம் அது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போடுவதற்கு முன் சூடேற்றுங்கள். கூண்டில் விளக்குக்கு நேர்கீழே தரைப்பரப்பு 35 முதல் 38 டிகிரி, சூடான பக்கத்தின் காற்று 30 முதல் 32, மறுபக்கம் 27, 28 இருக்கட்டும். கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாமல், தரைச் சூட்டைத் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டராலும் காற்றைச் சாதாரணத் தெர்மாமீட்டராலும் அளந்து பாருங்கள். ஆமையை விளக்கடியில் கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். நடுவில் விட்டால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்கே தெரியும். அடியில் விரிக்கும் சூட்டுப் பாயைப் பயன்படுத்தவே வேண்டாம். மேலிருந்து வரும் வெயிலைத் தேடிப் போகவும் விலகவும் பழகிய பிராணி இது. வயிற்று ஓட்டில் ஏறும் சூட்டுக்கு அது சட்டென்று நகராது, தோலும் ஓடும் வெந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

ஒரு மணி நேரம் போகட்டும். பிறகு ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் 30 முதல் 32 டிகிரி வெதுவெதுப்பில் தண்ணீர். மேல் ஓடும் வயிற்று ஓடும் சேருகிற பக்கவாட்டு வரி வரைக்கும்தான் ஆழம். இந்த அளவு ஆமைக்கு மூன்று நான்கு செ.மீ. வரும். தலையைத் தாழ்த்தினால் மூக்கு நீரில் படவும், நிமிர்த்தினால் தாராளமாக வெளியே நிற்கவும் வேண்டும். டப் ஒளி ஊடுருவாததாக இருப்பது நல்லது, கண்ணாடி போன்ற டப்பில் சுவரை முட்டி ஏறப் பார்த்தே களைத்துவிடும். 20 முதல் 30 நிமிடம் போதும். நடுவில் தண்ணீர் ஆறிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெந்நீரை ஆமைக்கு எட்டாத மூலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். டாக்டர் சொல்லாமல் குளுக்கோஸ், உப்பு என்று எதையும் கலக்க வேண்டாம். முகத்தை நீரில் அமிழ்த்தித் தொண்டை ஏறி இறங்கினால் குடிக்கிறது என்று பொருள். பின்னால் வெள்ளையாகப் பேஸ்ட் மாதிரி வெளியேறினால் பயப்பட ஒன்றுமில்லை, அது மூத்திரத்தோடு வரும் யூரிக் அமிலக் கழிவு. மணல் மாதிரி நறநறவென்றோ கட்டியாகவோ வந்தால் உடம்பில் நீர் போதவில்லை. அப்படியானால் ஒரு வாரம் தினமும் ஊற வையுங்கள்.

மயக்க மருந்து கொடுத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. தலையைத் தானாக நிமிர்த்தி, நாலு காலிலும் நின்று நடக்கும் வரை தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அரை மயக்கத்தில் உள்ள ஆமை இரண்டு செ.மீ. நீரிலும் மூழ்கிச் சாகும். குடிநீர்த் தட்டையும் அன்று கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆமைக்கு மயக்கம் தெளிய மணிக்கணக்கில் ஆகும், உடம்பு குளிர்ந்திருந்தால் இன்னும் நேரமெடுக்கும்.

அன்றைக்கு நிறையப் பேர் செய்யும் இன்னொரு தவறு, ஆமை வெளியே போயிருக்கும் நேரத்தில் கூண்டைச் சுத்தமாகக் கழுவி, அடியில் பரப்பியிருக்கும் தேங்காய் நார்த்தூளையும் மாற்றிவிடுவது. மனசு நல்ல மனசுதான். ஆனால் ஆமை இடத்தை அடையாளம் காண்பதில் வாசனைக்குப் பெரிய பங்கு. ஆஸ்பத்திரி டெட்டால் நெடியிலிருந்து வந்து, வீட்டிலும் பினாயில் நெடி என்றால் அதற்குப் புது இடத்தில் விட்ட மாதிரி. எச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டு மற்றதை அப்படியே விடுங்கள். பழைய நார்த்தூளை மறைவிடத்துக்குள் மட்டும் லேசாக நனைத்து வைக்கலாம். இளம் சல்கேட்டாவுக்கு ஈரப்பதமான இருட்டுக் குகை பிடிக்கும்.

விளக்கு வழக்கம்போல் 12 மணி நேரத்தில் அணைய வேண்டும். உடம்பு சரியில்லையே என்று இரவு முழுக்கப் பளிச்சென்று எரியவிட்டால் தூங்காது. சூட்டுக்கு வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு மாட்டி, சிகிச்சை முடியும்வரை இரவில் 26 டிகிரிக்குக் கீழே போகாமல் பாருங்கள். சென்னையில் மே மாதத்தில் இதற்கு வேலையே இருக்காது. மார்கழியில், கோவை, ஓசூர்ப் பக்கம் கட்டாயம் வேண்டும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றி மறைவிடத்துக்குப் பக்கத்தில், ஆமை மேல் படாமல் வையுங்கள்.

வேறு ஆமை இருந்தால் இரண்டையும் சேர்க்காதீர்கள். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையிலிருந்து எது ஒட்டிக்கொண்டு வந்தது என்று நமக்குத் தெரியாது; அடியில் பரப்பும் நார்த்தூளும் தண்ணீர்த் தட்டும் தனியாக இருக்கட்டும். குழந்தைகள் அன்று தொட வேண்டாம். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஆமை எச்சத்தில் பேதியை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி சாதாரணம்.

சாப்பாடு மறுநாள் நடுப்பகலில், ஆமை இரண்டு மூன்று மணி நேரம் சூடேறிய பிறகு. குளிர்ந்த குடலில் விழும் இலை செரிக்காமல் உள்ளேயே அழுகும், வாயு சேரும். ஒரு கைப்பிடி அருகம்புல், பொடியாக நறுக்கிய செம்பருத்தி இலை, முசுக்கட்டை (மல்பெரி) இலை, முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளி என்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் ஆமையை இழுக்கும். மேலே ஒரு செம்பருத்திப் பூவோ பூசணிப் பூவோ போதும். சாப்பிட வைக்க வேண்டும் என்று மாம்பழம், வாழைப்பழம் கொடுப்பவர்கள் உண்டு. இது புல் மேயும் இனம். சர்க்கரை குடலில் புளித்துப் பேதியில் கொண்டுபோய் விடும், மறுபடியும் டாக்டர்தான். அலகு வெட்டிவிட்டு வந்திருந்தால் ஓரிரு நாள் கடிக்கக் கூச்சப்படும், புல்லை இன்னும் பொடியாக வெட்டிப் போடுங்கள்.

வளர்ந்த ஆமை நாலைந்து நாள் சாப்பிடாமல் இருப்பது பெரிய விஷயமில்லை, கண் தெளிவாக இருந்து நடமாடினால் சரி. குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது, இரண்டு மூன்று நாளில் டாக்டரைக் கூப்பிடுங்கள். எடையை இரண்டாம் நாள் காலை, ஊற வைப்பதற்கு முன், கிராம் காட்டும் சமையலறைத் தராசில் ஒருமுறை எடுத்து எழுதுங்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. ஒரு தடவை மூத்திரம் பெய்தாலே சில பத்து கிராம் குறைந்துவிடுவதால் ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். 1,500 கிராம் ஆமை 1,350-க்கு வந்தால் அது பதற வேண்டிய எண்.

ஊசியை வீட்டில் தொடர்ந்து போடச் சொல்லியிருந்தால் முன்காலில்தான் போடுவது வழக்கம். பின்காலிலிருந்து வரும் ரத்தம் இதயத்துக்குப் போகும் வழியில் சிறுநீரகத்தைத் தொட்டுப் போகும் அமைப்பு ஆமைக்கு உண்டு; பின்காலில் போட்டால் மருந்து உடம்பில் பரவுமுன் அங்கே போய்விடலாம். இன்று இடது என்றால் அடுத்தது வலது. செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான்; மனிதருக்கு மாதிரி தினமும் என்று நினைத்துக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் போட்ட இடத்தில் எரியும் மருந்து, சதையையும் புண்ணாக்கும். போட்ட காலை ஓரிரு நாள் இழுத்து நடந்தால் அதுவாகத்தான் இருக்கும். வீக்கம் இறுகி மூன்றாம் நாளும் வடியாவிட்டால் காட்டுங்கள். ஊசி போடும் இடமும் சோறு வைக்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. கூண்டிலிருந்து எடுத்து வேறொரு மேசையில் துண்டு விரித்துப் போட்டுவிட்டு, ஊற வைத்து, பிறகு திருப்பி விடுங்கள்.

மருந்துச் சீட்டில் ஒரு பெயரை மட்டும் கட்டாயம் தேடிப் பாருங்கள்: ஐவர்மெக்டின் என்ற புழு, உண்ணி மருந்து. மாட்டுக்கும் நாய்க்கும் சர்வசாதாரணமாகப் போடுவது ஆமையைக் கொன்றுவிடும். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய இடத்துக்குப் போயிருந்தால் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். விட்டமின் ஏ ஊசியும் அளவு மீறினால் சில நாளில் தோல் உரிந்து வரும்.

கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் விசில் சத்தம், தூக்கினால் கால்கள் துவண்டு தொங்குவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நாள் எண்ணாமல் கிளம்புங்கள். ஆமைக்கு, மூச்சுக்கு உதவும் உதரவிதானம் என்ற தசை இல்லை. நம்மைப் போல இருமிச் சளியைத் தள்ள அதனால் முடியாது, உள்ளேயே தேங்கும்.

கொண்டுபோன பெட்டியைப் பரணில் ஏற்றிவிடாமல், ஒரு பக்கம் வாசல் வெட்டி, உள்ளே அதே பழைய நார்த்தூளைப் பரப்பிக் கூண்டுக்குள்ளேயே மறைவிடமாக வைத்துவிடுங்கள். அடுத்த பரிசோதனை வருவதற்குள் அதில் படுத்துப் பழகியிருக்கும். அன்று வாசலை அட்டையால் மூடி அப்படியே தூக்கிக் காரில் வைத்து, ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கிளம்பலாம்.