கூட்டு ஆய்வில் முதலில் டேப்பைப் பாருங்கள்

பல குழுக்கள் சேர்ந்து நடத்தும் மரத்தோட்ட ஆய்வில் சொதப்புவது பெரும்பாலும் புள்ளியியல் அல்ல, டேப்தான். ஒரு குழு சுற்றளவை எழுதும், இன்னொன்று விட்டத்தை. 63 செ.மீ. சுற்றளவும் 20 செ.மீ. விட்டமும் ஏறக்குறைய ஒரே மரம்! எதை எழுதுவது என்று படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள்.

அளவு தரையிலிருந்து 1.3 மீட்டரில். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அந்த இடத்தில் முடிச்சோ வீக்கமோ இருந்தால், மேலும் கீழும் சம தூரத்தில் அளந்து சராசரி எடுக்கலாம். அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போடாவிட்டால் அடுத்த முறை டேப் இடம் மாறும். 20 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் விட்டம் 1 செ.மீ. பிசகினால் அடிப்பரப்பில் (அந்த உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு) சுமார் 10 சதவீதம் தவறு. ஓராண்டு வளர்ச்சியே அதில் மறைந்துவிடலாம்.

20 மீட்டர் பக்கமுள்ள சதுர மனையை, அதாவது ஆய்வுக்கான நிலத்துண்டை, கிடைமட்டத்தில்தான் அளக்க வேண்டும். 30 டிகிரி சரிவில் மேலிருந்து கீழாகப் போகும் பக்கம் தரையோடு 23.1 மீட்டர் வரும்.

கலைத்துவிடும் (நெருக்கத்தைக் குறைக்கச் சில மரங்களை வெட்டி எடுக்கும்) சோதனையில் மனையைச் சுற்றி குறைந்தது இரண்டு வரிசை மரங்களுக்கும் அதே கலைப்பைச் செய்யுங்கள். இல்லையென்றால் பக்கத்து மனையின் நிழலும் வேரும் முடிவைக் கெடுக்கும். செத்த மரத்தின் எண்ணை வேறு மரத்துக்குக் கொடுக்கவே கூடாது.